தூக்க நாலு பேர்

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது என் வயதுக்கு அழகில்லை. தெரிந்தேதான் கேட்டேன்.

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து ஏறிய மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“பையன் தங்கம். வூடும் நல்ல வூடு. ஆனா அந்த ஊர்ல செத்தா தூக்க நாலு பேரு இல்லியே,” என்றார் அப்பா.

“எம்பொண்ணு வாழப் போறாளா, சாவப் போறாளா?” என்று சிரித்தாள் அம்மா.

“சிரிக்காத. தெருவுல பாத்தியா? எல்லாம் கெழடு. வயசுப் பசங்க பூரா திருப்பூரு, மெட்ராஸு. நமக்கு டீ வாங்கியாரக்கூட ஒரு ஆளு இல்ல.”

மகள் மெதுவாகக் கேட்டாள்: “ஏம்ப்பா, நம்ம தாத்தாவ யாரு தூக்குனாங்க?”

“நானு, ஒன் சித்தப்பன், பக்கத்து வூட்டு மாமா...”

“நாலாவது?”

அம்மாதான் சொன்னாள்: “மினி பஸ் கண்டக்டரு. பாவம், வண்டிய நிறுத்திட்டு வந்து தோள் குடுத்தாரு.”

பிறகு அப்பா, “ஒனக்குப் புடிச்சிருக்காம்மா?” என்று கேட்டார்.

“புடிச்சிருக்குப்பா. நான் போனா அந்த ஊர்ல ஒரு ஆளு கூடும்ல?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கூடும். நம்ம வூட்டுலதான் கொறஞ்சிடும்.”