நல்ல தண்ணி

எனக்கு டீ வேண்டாம். தண்ணீர்கூட வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டேன், வெளியில் குடிக்கிற பழக்கமில்லை. வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். வங்காள மொழியில் பெயர்க்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சொல் வருகிறது, அது தமிழில் மட்டும்தான் என் பக்கம் நிற்கும்.

என் பெயர் கீதாஞ்சலி. அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே கிளார்க். பல்கலைக்கழகத்தில் பொறியியல் நிலவியலும் நிலத்தடி நீரியலும் படித்து, அதிலேயே ஆராய்ச்சி செய்கிறேன். மேலடுக்கு மண்ணில் இருக்கிற ஆர்சனிக் என்ற விஷம், அடிபம்பில் இறைக்க இறைக்க எப்படிக் கீழே இறங்குகிறது என்பதுதான் தலைப்பு. அதற்கு ஓயாமல் அடிபடுகிற பம்பு வேண்டும். டாக்குரியாவைத் தாண்டி ஒரு காலனியில், சாவித்ரி அத்தை வீட்டு வாசலில் அப்படி ஒன்று இருந்தது.

அத்தை உறவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தவர். மருமகள் பூங்கோதையோடு இருந்தார். "நம்ம பொண்ணு படிப்புக்குன்னா எடுத்துக்கட்டுமே, தண்ணிக்கா பஞ்சம்?" என்றார்.

முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ஆர்சனிக் அனுமதித்த அளவுக்குப் பல மடங்கு மேல். கெட்ட பம்பின் மூக்கில் சிவப்புப் பெயின்ட் அடிப்போம், தேறியதற்கு நீலம். இரண்டு டப்பாவும் பையில்தான் இருந்தன. சிவப்பு அடித்தால் குடிப்பதை நிறுத்துவார்கள், இறைப்பதும் நின்றுபோகும், என் ஆய்வு அங்கேயே படுத்துவிடும். என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

"தண்ணி எப்படிடி இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"நல்ல தண்ணிதான் அத்தை."

நான் பொய் சொல்லவில்லை. உப்புக் கரிக்காத தண்ணீரை எங்கள் தமிழ் வீடுகளில் நல்ல தண்ணி என்றுதான் சொல்வோம். அது கரிக்கவில்லை. ஆர்சனிக்குக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது.

அடுத்த முறை போனபோது குறைப்பட்டார். "பக்கத்துத் தெரு பம்புக்கெல்லாம் நீலம் அடிச்சிருக்கே, நம்மளது என்ன பாவம் பண்ணிச்சு?" எனக்கு மனசு கேட்கவில்லை. நீலம் அடித்துக் கொடுத்தேன். அப்புறம் அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்களும் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். பம்பு ஓயவில்லை. எண்கள் நான் நினைத்தபடியே ஏறின.

நான் மட்டும் பாட்டில் கொண்டுபோவேன். "ஏன், எங்க வீட்டுத் தண்ணி மகாராணி தொண்டையில எறங்காதோ?" என்று பூங்கோதை கேலி செய்வாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். வெயிலில் வந்தவளாச்சே என்று மோர் கரைத்து வைப்பாள். பேச்சுவாக்கில் அதைச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

அத்தைக்கு உள்ளங்கை தடித்துச் சொரசொரப்பானது, மார்பில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு இப்படி ஆயிடுச்சு" என்றார். சோப்பை மாற்றச் சொன்னேன்.

பூங்கோதைக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னடி தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே அழுதேன். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவிலிருந்து நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது அத்தைக்கு நுரையீரலில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பூங்கோதை தண்ணீரை வேறோர் இடத்தில் கொடுத்துச் சோதித்திருக்காவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். தெரிந்துதான் செய்தேன், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பம்பைப் பூட்டிவிட்டீர்களாம். மழைக்கால அளவு ஒன்றுதான் எனக்குப் பாக்கி. தினமும் கொஞ்ச நேரம் யாரையாவது விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடித்ததைச் சாக்கடையில் கொட்டிவிடலாம். ஆய்வுக்கு வேண்டியது இறைப்பது மட்டும்தான். அதை யாரும் குடித்தாக வேண்டும் என்று எப்போதுமே இருந்ததில்லை.