மூழ்காத நரம்பு

மேலே மேயும் கெண்டைக்கு மூழ்காத தூண்டில் நரம்பு வேண்டும், ஐயா. தூண்டில் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அது மிதக்கிற ரொட்டித் துண்டையும் இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடும். கெண்டை அவ்வளவு முட்டாள் இல்லை, திரும்பிவிடும். இருபத்திரண்டு வருஷமாகத் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். நரம்பு விஷயத்தில் யாருக்கும் தவறாகச் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கும் தவறாகச் சொல்லவில்லை.

அவரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். கல்யாணமானதிலிருந்து என் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். என் மனைவி போனபோது மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருவாள். தூண்டில் முள் கட்டுவதில் என்னைவிட அவள் கை வேகம். கல்யாணத்துக்குப் பிறகும் சாயங்காலம் கீழே வந்து எனக்கு டீ போட்டுக் கொடுப்பாள். பிறகு அந்த டீ முதலில் மாடிக்குப் போய், அப்புறம் எனக்கு வர ஆரம்பித்தது. ஆறிப்போயிருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை நான்.

அப்புறம் அவருக்கு மாற்றல் வந்தது. ரயிலில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய ஊர்.

நான் சும்மா இருக்கவில்லை. மகளின் சான்றிதழ்களை எடுத்துக் கடைப் பரணில் ஒளித்து வைத்தேன். அவள் நகல் வாங்கிக்கொண்டாள். நெஞ்சு வலி என்று படுத்தேன். மாப்பிள்ளைதான் கைத்தாங்கலாக என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவரே படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ஒண்ணுமே இல்ல மாமா, கண்ணாடி மாதிரி இருக்கு. நூறு வயசு இருப்பீங்க."

எனக்கு அறுபத்தொன்று. அந்த வீட்டில் தனியாக இன்னும் முப்பத்தொன்பது வருஷம். அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார், "நீங்களும் எங்ககூட வந்துடுங்க மாமா. அங்க ரெண்டு ரூம் இருக்கு."

"கடைய யாரு பாக்குறது?"

"போதும் மாமா, உழைச்சது. வித்துடுங்க."

என் மகளோடு இருக்க எனக்கு அவர் அனுமதி கொடுக்கிறார். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது கடைக்கு வந்தார். எங்கள் ஏரியில் ஒரு மஞ்சள் கெண்டை உண்டு. இரண்டு வயதுப் பிள்ளை கனம் இருக்கும். மதகுப் பக்கம், தாமரைக்கு நடுவே, வாயைத் திறந்துகொண்டு மேலே வரும்.

"போறதுக்குள்ள உங்ககூட உக்காந்து அதப் பிடிச்சிடணும். எந்த நரம்பு போடலாம் மாமா?"

அவருக்கு மீன்பிடிப்பில் ஆசையே கிடையாது. என்னோடு உட்கார ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் பழகிக்கொண்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாதா நைலானே போதும். மிதக்கும், கொஞ்சம் இழுபடும், தாங்காவிட்டால் அறுந்துபோகும். அறுந்துபோவதும் ஒரு நல்ல குணம்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்வேன். மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மீன் கொடிக்குள் புகுந்துவிட்டால் கோலைக் கீழே போட்டுவிட்டு, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பார். பலமுறை திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை. பின்னல் நரம்பை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் மிதக்கும். நூல் மாதிரிதான் இருக்கும், ஆனால் பல்லால் கடித்தாலும் அறாது.

"இது உங்களக் கைவிடாது மாப்பிள்ளை," என்றேன்.

அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. மீன் கடிக்காமலே போயிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குக் கடித்தது. சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார், "மாமா, மாட்டிக்கிச்சு!" என்று. அது நேரே தாமரைத் தண்டுகளுக்குள் போனது. அவர் கோலைப் போட்டுவிட்டு மணிக்கட்டில் நரம்பை மூன்று சுற்றுச் சுற்றினார். மதகுச் சரிவு முழுக்கப் பாசி. மீன் இரண்டாவது முறை வெட்டி இழுத்தபோது காலடி வழுக்கிவிட்டது. அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும்.

நரம்பின் ஒரு முனை கையில், மறுமுனை தண்டுகளில். முதல் தடவை தலை வெளியே வந்தபோது "மாமா" என்றார். இரண்டாவது தடவை கூப்பிடவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு உதவத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். நரம்பு வெட்டுகிற கத்தரி என் சட்டைப் பையில் இருந்தது. இறங்கினால் எட்டிப் பிடிக்கிற தூரம். காற்றில் பறக்காமல் ரொட்டிக் கவரை மடித்துக் கல்லுக்கு அடியில் வைத்தேன். தண்ணீர் அடங்கிய பிறகுதான் அக்கரையில் இருந்த படகுக்காரரைக் கூப்பிட்டேன்.

மகள் யார் முன்னாலும் அழவில்லை. கட்டிய பெட்டிகளை அவிழ்த்தாள். மாடியில் அவள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினேன். பதினாறாம் நாள் கீழே வந்தாள்.

"அப்பா, உங்க பையில எப்பவும் கத்தரி இருக்குமே. அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

அவள் மாடிக்கு ஏறிப் போனாள். மறுபடியும் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு, நாளை மத்தியான ரயிலில்.

"எப்பம்மா திரும்பி வருவ?"

பெட்டியின் கயிற்றை இறுக்கினாள். வாசலில் நின்று மூன்று தடவை கேட்டேன். காலில் விழக்கூடப் போனேன், அவள் நகர்ந்துகொண்டாள்.

அதனால்தான் இன்று கடையைத் திறக்காமல் நேராக இங்கே வந்தேன். ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த நரம்பை ரீலில் சுற்றிக் கொடுத்தது அவள்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் முக்கியமான சாட்சி. வழக்கு முடிகிற வரைக்கும் சாட்சி ஊரை விட்டுப் போகக்கூடாது, இல்லையா ஐயா?