அனுமதி பெறாத மழை

— மூணாவது குற்றச்சாட்டு, டயனா தங்கச்சி: "அதிகாரம் பெறாத நபர் மழைவீழ்ச்சியை அளந்தமை." பெருமூச்சு விடாதீங்க, இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.

— வழக்கு எனக்கா, சோடாப் போத்தலுக்கா, மேர்வின் சேர்?

— போத்தலையும் கொண்டு வரச் சொல்லித்தானே கடிதம் போட்டோம்?

— அதையும் தூக்கிட்டு வந்தா எங்க எல்கடுவைத் தோட்டத்துல மழைய எதுல பிடிச்சு அளக்கிறது? நீங்க வாளி அனுப்புவீங்களா?

— அதிகாரம் பெற்ற மழைமானி நம்மகிட்ட இருக்கு.

— எங்க?

— ஸ்டோர் ரூம்ல. திறப்பு விழா வைக்காம வெளியில எடுக்க ஏலாது. மேலிடத்துக்கு இன்னும் திகதி கிடைக்கல.

— அப்ப கூரைக்குக் கீழ இருக்கு. உங்க கணக்குல இந்த வருசம் மழையே பெய்யல, அப்படித்தானே சேர்?

— இந்த வாய்தான் உங்களுக்குச் சத்துரு. மேலிடம் ரொம்ப மனவருத்தத்துல இருக்கு. போன சுற்றாடல் தினத்துக்கு இதே அரசாங்கக் கந்தோர்ல உங்களுக்குப் "பசுமை இளைஞர் தூதுவர்"னு சான்றிதழ் குடுத்தோம். நான்தான் தமிழ்ல வாசிச்சேன்.

— மறப்பேனா? ஒரு மாங்கன்னு நடச் சொன்னீங்க. படம் எடுத்து முடிஞ்சதும் அதையே பிடுங்கி ஜீப்புல போட்டுட்டு இரத்தோட்டைக்குப் போனீங்க. அங்கயும் அதையே நட்டாங்களாம்.

— அது நிர்வாக விசயம். இங்க பாருங்க, காலநிலை பத்திப் பேசணுமா, பேசுங்க. வட துருவம் இருக்கு, பனிக்கரடி இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எதுக்கு நம்ம லயத்து வீடுகளுக்கு மேல இருக்கிற மலைய இழுக்குறீங்க?

— நான் இழுக்கல சேர், அது தானாவே எறங்கி வருது. ரோட்டுக்குன்னு அடிய வெட்டினாங்க. இப்ப வெடிப்புக்குள்ள என் கை முழங்கை வரைக்கும் போகுது. வந்து பாக்க ஒரு ஆள் இல்லன்னுதான் சனம் ரோட்டுல உக்காந்துச்சு.

— சனம் தானா உக்காராது. ஒலிபெருக்கி குடுத்தது நீங்க. அது அஞ்சாவது குற்றச்சாட்டு.

— அது கோயில் ஒலிபெருக்கி, ஃபாதர் தந்தாரு. பூசைக்குக் கூப்பிடுறது அதுலதான். அன்னைக்கு அதிகாரிகளக் கூப்பிட்டோம். கடவுளாவது சில நேரம் வாறாரு சேர்.

— இத நான் எழுதிக்கல, உங்க நன்மைக்குத்தான். நாலாவதையும் கேளுங்க: தினமும் காலையில வாட்ஸ்அப் குரூப்புல மில்லிமீட்டர் போட்டுப் பொதுமக்களப் பீதிக்குள்ளாக்கினது.

— நூறு தாண்டினா லயத்த விட்டு எறங்கிடுங்கன்னு போடுவேன். எறங்கினாங்க. உயிரோட இருக்காங்க. அதுவா பீதி?

— தங்கச்சி, சுருக்கமா முடிப்போம். திங்கக்கிழமை உங்களுக்கு முன்பள்ளி ஆசிரியை நியமனம். அரசாங்க வேலை. இந்தக் கடிதத்துல ஒப்பம் வச்சா லிஸ்ட்டுல பேர் இருக்கும். இல்லன்னா இருக்காது, பொலிசுலயும் பைல் தொறக்கும்.

— கடிதம் சிங்களத்துல இருக்கு, அத நானே வாசிப்பேன். ஆனா நீங்க தமிழ்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசிக்கிறீங்கன்னு பாக்கணும். வாசிங்க.

— "வெளியாரின் தூண்டுதலால் தவறாக வழிநடத்தப்பட்ட நான்..."

— யாரு அந்த வெளியார்?

— மேலிடம் "வெளிநாட்டுச் சக்திகள்"னு எழுதியிருந்துச்சு. நான்தான் கெஞ்சிக் குறைச்சேன்.

— பெரிய மனசு. கடைசி வரிய விரலால மறைக்காதீங்க சேர்.

— "மேற்படி மலைச்சரிவில் ஆபத்தில்லை என்பதையும், கோயில் மண்டபத்தில் தங்கியுள்ள இருபத்திரண்டு குடும்பங்களும் லயங்களுக்குத் திரும்பலாம் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்."

— ஆக, மழைய அளக்க எனக்கு அதிகாரம் இல்ல. மலை விழாதுன்னு சொல்ல மட்டும் அதிகாரம் இருக்கு.

— வீம்பு பண்ணாதீங்க. உங்கம்மா சவரியம்மா இந்த வயசுலயும் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்குது. உங்களுக்கு இந்த வேலை கிடைச்சா அது கொஞ்சம் உக்காரலாம்.

— அம்மாவும் அந்த மண்டபத்துலதான் படுத்திருக்கு. அத லயத்துக்குத் திருப்பி அனுப்பிட்டு, முதல் சம்பளத்த யார் கையில கொண்டு போய்க் குடுக்கிறது?

— அப்ப ஒப்பம்?

— "மாட்டேன்"னு எழுதுங்க. அதுக்குக் கீழ வைக்கிறேன், முழுப் பேரோட.

— கடைசித் தடவையாக் கேக்குறேன்... இருங்க, போன். மேலிடம்! எழும்பி நில்லுங்க! ஹலோ சேர்... ஆமா சேர், முன்னாலதான் நிக்குது... உங்க வீட்டு நோனாவா? பேசச் சொல்லுங்க சேர்... ஆ... ஆ... சரிங்க நோனா.

— என்னவாம்? வெளிநாட்டுச் சக்தியா?

— தங்கச்சி... மேலிடத்துச் சேரோட பங்களாவும் அந்த மலைக்குக் கீழதானாம். நோனா ரொம்ப நாளா உங்க குரூப்புலதான் இருக்காங்களாம். இன்னைக்குக் காலையில நீங்க ஒண்ணும் போடல, பிள்ளைகளக் கீழ எறக்குறதா, இருக்க விடுறதான்னு கேக்குறாங்க.