இடது கையில் சீல்

...வாயத் திறன்னா திறக்கணுமாம்க்கா! கிளப்புல சும்மா ஆடிக்கிட்டிருந்த பையன, பாட்ட நிறுத்தி, லைட்டப் போட்டு, வாய்க்குள்ள குச்சிய விடறாங்க. எச்சில்ல போதை மருந்து இருக்கான்னு பாக்கறாங்களாம். என்ன சந்தேகம்னு கேட்டா, சந்தேகமே இல்லையாம்! 'குருட்டாம்போக்குல நாலு பேரப் பிடிச்சுப் பாப்போம், சட்டம் அப்படி'ங்கறாங்க. குருட்டாம்போக்காம்... இவங்களுக்கா கண்ணு தெரியாது?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்த போலீஸ் ஸ்டேஷன்ல பெஞ்சு கூட நேரா நிக்கல.

என் தம்பிக்கா, உள்ள வெச்சிருக்காங்க. திங்கக்கெழம ஸ்கூல் பஸ் டிரைவரா சேரணும். போதை கேஸுன்னு ஒரு வரி எழுதிட்டா எவன் தன் புள்ளைய அந்த பஸ்ல ஏத்துவான்? நேத்து அவன் குடிச்சது வெறும் எலுமிச்ச ஜூஸு. ஆனா குச்சி செவந்துடுச்சாம். அந்தக் குச்சிக்கு ரொம்ப அறிவுக்கா! ஐயாவ கவனிச்சா வெளுக்கும், கவனிக்கலன்னா செவக்கும்.

எனக்கெப்படித் தெரியும்னா... அந்த கிளப்பு வாசல்ல டிக்கெட் கிழிக்கறதே நான்தான். உள்ள போறவங்க கையில சீல் குத்தறதும் நான்தான். அப்படிப் பாக்காதீங்க, கௌரவமான வேலைதான்!

இன்ஸ்பெக்டர் வந்து சொன்னாரு, 'ஏம்மா, கூட்டத்துல எங்களுக்கு ஆள் தெரியல. பசையுள்ள பார்ட்டின்னா இடது கையில குத்து, மத்தவனுக்கு வலது.' அவ்வளவுதான். நான் பைசா வாங்கல! மாட்டேன்னா கிளப்பையே மூடிடுவாங்க, அப்புறம் எனக்கு யாரு சோறு போடுவா?

நான் மூஞ்சியே பாக்கறதில்லக்கா, வரிசை அப்படி முட்டும். சட்டக் கை, மோதிரம், வாட்ச்... பாப்பேன், குத்துவேன். இவன் வேல கெடச்ச குஷியில எவனோ ஒருத்தனோட வெல்வெட்டு கோட்டு எரவல் வாங்கி மாட்டிக்கிட்டு வந்திருக்கான், என்னைய அசத்தணும்னு! 'அக்கா'ன்னு கூப்பிட்டானாம். அந்தப் பாட்டுச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? வெல்வெட்டு கை நீண்டுச்சு... இடதுல குத்திட்டேன்.

அழலக்கா, தூசி.

பெரிய ஐயா வந்துட்டாரு, அதோ அந்த ரூமுதான். நல்ல மனுஷன்ங்கறாங்க. 'குருட்டாம்போக்கு இல்லைங்கய்யா, வாசல்லயே பொறுக்கி எடுத்தது'ன்னு யாராவது சொன்னா எல்லாப் பசங்களையும் விட்டுடுவாரு. நான் எப்படிச் சொல்றது? சொன்னா அடுத்து என்னையில்ல உள்ள தள்ளுவாங்க...

ஆமா, உங்களுக்கு உள்ள யாரு? ...மகனா? நேத்தா? ...எங்க கிளப்புலயா!

என்ன போட்டிருந்தான்? ...அப்பாவோட வாட்ச்சா? கறுப்புப் பட்டை, தங்க முள்ளு?

...மூஞ்சி ஞாபகமில்லக்கா. வாட்ச் ஞாபகமிருக்கு.

அக்கா, கைய விடுங்க. வலிக்குது... நீங்களே போய்ச் சொல்லுங்கக்கா, உங்களப் பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, நான் இப்படி வெளிய நிக்கறேன்... அய்யோ, என்னையும் இழுத்துக்கிட்டுப் போய் கதவத் தட்டாதீங்க! அக்கா...

...வணக்கம்ங்கய்யா.