குளத்தைத் தின்ற ஆடுகள்

சங்கரன்கோவிலில் இருந்து இளையரசனேந்தல் பஸ் புறப்படும்போதே நின்றவர்கள் பத்தொன்பது பேர். வண்டி சாய்ந்துவிடுமோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் வயல்காரரான ஒரு சம்சாரி, பக்கத்தில் இருந்த ஆட்டுக்காரரிடம் சொன்னார்:

"கோனாரே, உம்ம ஆடு எங்க குளத்தைத் தின்னுட்டுது வே."

"ஆடு புல்லுதான் தின்னும் அண்ணாச்சி."

"கரையில புல்லு போனா மண்ணு நிக்குமா? போன ஐப்பசியில கரை ஒடைஞ்சு என் வயல்ல இடுப்பளவு தண்ணி. இந்த மழைக்கும் ஒடைஞ்சா வீட்டுக்கு ஒரு மணி நெல்லு வராது."

"கரை எங்கன ஒடைஞ்சுது?"

சம்சாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டித் தடத்துல."

"யாரு வண்டி?"

"என் வண்டிதான். உரம் கொண்டுபோகணும்லா. கரையைக் கொஞ்சம் வெட்டித் தாழ்த்துனேன்."

ஆட்டுக்காரர் சிரித்தார்.

"சரி, இனிமே ஆட்டைக் கரையில ஏத்தல. நீங்க தடத்துல மண்ணு போட்டு உசத்துங்க."

"அப்போ என் வண்டி எப்படிவே வயலுக்குப் போவும்?"

"இனிமே என் ஆடு போவப்போற மாதிரி, குளத்தைச் சுத்தித்தான்."

"சுத்துனா ரெண்டு மைலு வே."

"ஆட்டுக்கும் அதே ரெண்டு மைலுதான் அண்ணாச்சி."

நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சம்சாரி ஆட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில கரைக்கு வாரும். உம்மகிட்ட மண்வெட்டி இருக்கா?"