வேல்விழியின் பெயருக்குப் பக்கத்தில்

தென்காசி சைபர் குற்றப்பிரிவில் பெண் காவல் ஆய்வாளர் முன்பு சாட்சி சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டது.

பெயர் சத்யபிரியா. வயது 31. த/பெ பிச்சையா. முகவரி பள்ளிக்கூடத் தெரு, சுந்தரபாண்டியபுரம், தென்காசி மாவட்டம். தொழில் வலைத்தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். தென்காசி பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறேன். கூகுளில் ஒருவர் குற்றாலத்தில் தங்க இடம் தேடினால் என் வாடிக்கையாளரின் விடுதி முதலில் வரும்படி செய்வது என் வேலை. இது தெரியாமல் பலர் ஆதார் அட்டை நகல் எடுக்க மாடியேறி வருகிறார்கள். நானும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

குற்றாலத்தில் முகில்மனை விடுதி நடத்தும் இசக்கிமணி போன சீசன் முதல் என் வாடிக்கையாளர். என் அலுவலகம் பெரும்பாலும் அவர் கொடுக்கும் வேலையில்தான் ஓடுகிறது. அவருடைய விடுதிக்கு எதிரே அருவிமுற்றம் விடுதி உள்ளது. அதை வேல்விழி என்பவர் நடத்தி வருகிறார். தேடலில் எப்போதும் அருவிமுற்றம்தான் மேலே வந்தது. இந்த ஆண்டு சாரல் தொடங்குமுன் இசக்கிமணி என்னை அழைத்து, "அவளுக்கு மட்டும் எப்படிம்மா முதல்ல வருது? என்னன்னு தோண்டிப் பாத்துச் சொல்லு" என்றார்.

அப்படிப் பார்ப்பது குற்றமா என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். ஒரு வலைத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுக்கும்போது, விரலால் தொடும் இடத்தில் சில வார்த்தைகள் இருக்கும். அவற்றை ஆங்கர் டெக்ஸ்ட் என்போம். பஸ்ஸை விட்டு இறங்கியவர் ஆட்டோக்காரர்களிடம் கேட்கும்போது, எல்லோரும் ஒரே விடுதியைக் காட்டி ஒரே மாதிரி பேசினால் அவர் நம்பிவிடுவார். கூகுளும் ஏறக்குறைய அப்படித்தான். போட்டியாளரைப் பற்றி ஊரார் என்ன வார்த்தை எழுதியிருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம். அதற்குக் கருவிகள் இருக்கின்றன. யார் வீட்டுப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

நான் பார்த்தபோது இசக்கிமணியின் விடுதிக்கு வந்த லிங்க்குகளில் அவர் விடுதியின் பெயர் மட்டுமே திரும்பத் திரும்ப இருந்தது. அவை அவரே போட்டுக்கொண்டவை. வேல்விழியின் விடுதிக்கு, வந்து தங்கிப் போனவர்கள் அவரவர் பக்கங்களில் எழுதியிருந்தார்கள். "குழந்தைகளோடு தங்க", "கேட்டதும் வெந்நீர் தரும் இடம்", "பெண்கள் தனியாக வந்தாலும் பயமில்லை" என்பவை அந்த வார்த்தைகள். கடைசி வார்த்தைகள்தான் அதிகம். இதுவே அவருடைய பலம், இதை விலைக்கு வாங்க முடியாது, நாமும் வருகிறவர்களை நன்றாகக் கவனித்து எழுத வைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். அதில் பெண்கள் தனியாக வருவதைப் பற்றிய வரியை அடிக்கோடிட்டும் கொடுத்தேன். இசக்கிமணி அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த வார்த்த மாறிட்டுன்னா எறங்கிருவாளா?" என்று கேட்டார். இறங்கும், ஆனால் மற்றவர் எழுதியதை நாம் மாற்ற முடியாது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

அதன் பிறகு ஆடி மாதம் வழக்கம்போல் இரு விடுதிகளின் லிங்க்குகளையும் மறுபடி பார்த்தேன். அருவிமுற்றத்துக்கு எங்கெங்கோ உள்ள குப்பைத் தளங்களிலிருந்து புதிய லிங்க்குகள் குவிந்திருந்தன. அவற்றில் வேல்விழியின் பெயரும் கைபேசி எண்ணும், அவற்றை ஒட்டி அசிங்கமான வார்த்தைகளும் இருந்தன. ஒரு பக்கத்தை முழுவதும் கீழே இறக்கிப் பார்த்தபோது, அடியில் "குற்றாலத்தில் சிறந்த விடுதி" என்று எழுதி முகில்மனைக்கு ஒரு லிங்க் இருந்தது. நான் திறந்து பார்த்த எல்லாப் பக்கங்களிலும் அப்படியே இருந்தது.

அன்றே குற்றாலம் போய் இசக்கிமணியை அவர் விடுதி வரவேற்பறையில் பார்த்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "பக்கத்த வெலைக்கு வாங்கியாச்சு. பாதி எடம் சும்மாதான கெடக்கு, அதான் நம்ம பேரையும் ஓரத்துல போடச் சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்றார். வாங்கியதை வீணாக்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. உடனே எடுக்கச் சொன்னேன். அதற்கு அவர், "கணக்கு உன் பேர்லல்லா இருக்கு. போலீசு வந்தா உன்னத்தான் கேப்பான். பேசாம சோலியப் பாரு" என்றார். லிங்க் விற்கும் ஒரு தளத்தில் அவருக்காக என் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கியிருந்தது உண்மை. அங்கே கிடைப்பது குப்பை என்று கண்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கடவுச்சொல் அவரிடமும் இருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

அதன் பிறகு சாலையைக் கடந்து அருவிமுற்றம் விடுதிக்குப் போனேன். வேல்விழியை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. குளித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைபேசி துண்டு மூட்டைக்குள் அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. அந்த எண்தான் விடுதிப் பலகையிலும் உள்ளது, வருடா வருடம் வருகிறவர்களுக்குத் தெரிந்த எண் என்பதால் மாற்ற முடியவில்லை என்றார். நான் யார், என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "மொத ஆளு ரேட் என்னன்னு கேட்டான். ரூமத்தான் கேக்கான்னு நெனச்சு வாடகையச் சொன்னேம்மா. வெந்நீர் உண்டுன்னு வேற சொன்னேன்" என்றார். அதன் பிறகு அவருடைய மகள் ஒருமுறை போனை எடுத்துவிட்டதாகவும், அன்றிலிருந்து அந்தப் பெண் போன் அடித்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். கொஞ்ச நேரம் நானும் துண்டு மடித்தேன்.

அதன் பிறகு மேற்படி கணக்கைத் திறந்து, இசக்கிமணி கொடுத்த உத்தரவுகளையும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன விவரத்தையும், லிங்க் உள்ள பக்கங்களையும் பிரதி எடுத்தேன். கணக்கு என் பெயரில் இருப்பதை மறைக்காமல், வேல்விழி புகார் கொடுத்தபோது கூட வந்து அவற்றை ஒப்படைத்தேன். லிங்க்குகளை நீக்கக் கேட்டு அந்தத் தளங்களுக்கு எழுதி வருகிறேன். சிலர் நீக்கினார்கள். பலர் பதிலே போடவில்லை. அருவிமுற்றம் தேடலில் கீழே இறங்கிவிட்டது. அது மீண்டும் ஏறிவிடும், எனக்கு அந்த வேலை தெரியும். வேல்விழியின் போன் இன்னும் அடிக்கிறது.

இவ்வாறு நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முதலில் எழுதிய தாளில் அந்த அசிங்கமான வார்த்தைகள் வேல்விழியின் பெயரை ஒட்டி எழுதப்பட்டிருந்தன. அதை அடிக்கச் சொன்னேன். ஆய்வாளர், "இது கோர்ட்டுக்குப் போற பேப்பரும்மா, வேற யாரு பாக்கப் போறா?" என்றார். ஒரு பெயரோடு எந்த வார்த்தையைச் சேர்த்து எழுதுகிறார்களோ அதுதான் அந்தப் பெயர் என்று ஆகிவிடுகிறது, நான் பிழைப்பதே அதை வைத்துத்தான் என்றேன். ஆய்வாளர் சற்று யோசித்து, அந்த வார்த்தைகளைப் பெயர் இல்லாமல் தனித் தாளில் இணைப்பாக எழுதச் சொல்லி, முதல் தாளை என் கண்முன்னே ரத்து செய்தார்.

இந்த வாக்குமூலத்தில் வேல்விழி என்ற பெயருக்குப் பக்கத்தில் அருவிமுற்றம் விடுதியை நடத்தி வருபவர் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை என்று வரிவரியாகப் பார்த்துக்கொண்டேன். மற்றவையும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை. அதன் பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பி. சத்யபிரியா