வந்துட்டே இருக்கான்

மகள்: அந்த நாற்காலில உக்காராதம்மா. சின்னப் பிள்ளைங்களுக்குப் போட்டது. முட்டி வந்து மூக்கை இடிக்குது பாரு.

அம்மா: எல்லாம் பழக்கம்தான். ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு முட்டி எதுக்குடி?

மகள்: ரிட்டையர் ஆகற அன்னைக்காவது பெரிய நாற்காலில உக்காரேன். மேடைக்குக் கூப்பிடறப்போ எந்திரிக்க முடியாம முழிக்கப் போற.

அம்மா: நீ எதுக்கு இருக்க, தூக்கி விடு. ஆமா... தம்பி பாலம் தாண்டிட்டானா?

மகள்: தாண்டியிருப்பான்.

அம்மா: தாண்டியிருப்பானா, தாண்டிட்டானா?

மகள்: அம்மா, நான் வாய்ப்பாடு ஒப்பிக்க வரல.

அம்மா: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

மகள்: தாண்டிட்டான். பஸ்ல வந்துட்டே இருக்கான்.

அம்மா: காலைல ரயில்னு சொன்ன.

மகள்: ரயில்ல வந்து இறங்கி... அங்கருந்து பஸ். ஏம்மா என்னை நிக்க வச்சுக் கேள்வி கேக்கற?

அம்மா: சாப்பிட்டானாமா?

மகள்: ம்... ஸ்டேஷன்லயே ஏதோ சாப்பிட்டானாம்.

அம்மா: வெளில சாப்பிட்டா அவனுக்கு ஒத்துக்காதே.

மகள்: அது ஆறு வயசுல. இப்ப அவனுக்குத் தலைல பாதி முடி இல்ல.

அம்மா: கொட்டிடுச்சா?

மகள்: ஃபோட்டோல பாத்தேன்.

அம்மா: உங்கப்பாவுக்கும் அப்படித்தான் நெத்தி ஏறிக்கிட்டே போச்சு. பேத்திக்குட்டியையும் கூட்டிட்டு வரானா?

மகள்: அவளுக்கு ஸ்கூல் இருக்கும்மா. ஒண்ணாவது சேர்ந்துட்டாளே.

அம்மா: ஒண்ணாவதா... டீச்சர் நல்லவங்களாமா?

மகள்: அதெல்லாம் நான் கேக்கல.

அம்மா: அதைத்தான் முதல்ல கேக்கணும். நான் ஒரு தடவைகூடப் பாக்கல அவளை. இங்க இந்த பெஞ்சுல அவ வயசுப் பிள்ளைங்க எத்தனை பேருக்கு மூக்கைத் துடைச்சு விட்டிருக்கேன். அவ முகம் எனக்குத் தெரியாது.

மகள்: இன்னைக்குப் போய் இதெல்லாம் பேசாதம்மா. பாரு, கரும்பலகை முழுக்க உனக்குப் பூ வரைஞ்சு வச்சிருக்காங்க.

அம்மா: அது பூ இல்ல. நான். பக்கத்துல குச்சி மாதிரி இருக்கறது விசில் சார்.

விசில் சார்: குச்சின்னாலும் பரவாயில்ல, கையில விசிலை மறக்காம வரைஞ்சிருக்கான் பாருங்க.

மகள்: வாங்க விசில் சார்... ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். சின்ன வயசுப் பழக்கம், வாய்ல வந்துடுச்சு.

விசில் சார்: நீ சொல்லும்மா. அழைப்பிதழ்ல என் பேரைப் பாத்துட்டு, யாருடா நம்மகூட ரிட்டையர் ஆகற ஆளுன்னு நானே யோசிச்சேன்.

அம்மா: உங்க மூணாம் வகுப்பை யார் சார் பாத்துக்கறா?

விசில் சார்: இன்னைக்கும் மூணாம் வகுப்பா? அது ஹால்ல தரையில உக்காந்து ஒருத்தனை ஒருத்தன் கிள்ளிக்கிட்டு இருக்கு. ஹெச்.எம். மைக்கை ஊதி ஊதிப் பாக்கறாங்க. ஆரம்பிக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.

அம்மா: கொஞ்சம் பொறுங்க சார். என் பையன் வந்துட்டே இருக்கான்.

விசில் சார்: ஓ... வரானா?

மகள்: வரான் சார். பஸ்ல.

விசில் சார்: சந்தோஷம்... ரொம்ப சந்தோஷம். பழைய பிள்ளைங்க சார்பா டீச்சரம்மாவுக்குப் பரிசு கொடுக்கப் போறதே அவன்தான்னு ஹெச்.எம். சொன்னாங்க. முன் வரிசைல நாற்காலிகூடப் போட்டாச்சு. என் சம்சாரம் தெரியாம அதுல போய் உக்காந்தா, எழுப்பி விட்டுட்டாங்க.

அம்மா: அடடா.

விசில் சார்: விடுங்க. என்னை வீட்ல எத்தனை தடவை எழுப்பி விட்டிருக்கா.

மகள்: நீங்க மேடைல பேசறீங்களா சார்?

விசில் சார்: எழுதிச் சட்டைப் பையில வச்சிருந்தேன். சட்டையோட சேத்துத் துவைச்சுட்டா. நல்லா வெளுத்திருந்துச்சு.

அம்மா: நாளைலருந்து என்ன சார் பண்ணப் போறீங்க?

விசில் சார்: வீட்ல விசில் அடிக்கலாம்னு பாத்தா, குக்கர்னு நினைச்சு அடுப்பை அணைச்சுடுவா.

மகள்: சிரிக்க வைக்காதீங்க சார்.

விசில் சார்: சிரிப்பா வருது உனக்கு? காலைல எந்திரிச்சுக் குளிச்சுட்டு எங்க போய் நிக்கறதுன்னே எனக்குத் தெரியலம்மா. பொய்யில்ல.

அம்மா: எனக்கும்தான் சார்... சரி, நான் முகம் கழுவிட்டு வரேன். எல்லாப் பிள்ளைங்களும் முத்தம் கொடுத்துக் கன்னமெல்லாம் எச்சில். அவன் வந்தா இங்கயே உக்கார வைங்க.

விசில் சார்: பாத்துப் போங்க. குழாய்கிட்ட வழுக்குது.

மகள்: நானும் வரேன்மா.

அம்மா: வேண்டாம், நீ வாசலைப் பாத்துக்கிட்டு இரு.

விசில் சார்: ...போயிட்டாங்க. இப்ப சொல்லு.

மகள்: என்ன சார்?

விசில் சார்: பொய் சொல்ற பிள்ளைங்க முகத்தைப் பாத்தே காலம் தள்ளினவன் நான். எந்த பஸ்ல வரான்?

மகள்: வரல சார். கிளம்பவே இல்ல.

விசில் சார்: அப்படிப் போடு.

மகள்: முதல்ல கேட்டப்போ வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. நானா வருவான்னு நினைச்சுக்கிட்டேன். பரிசு அவன்தான் கொடுப்பான்னு ஹெச்.எம். கிட்ட சொன்னதே நான்தான். மேடைல பேர் சொல்லிட்டாங்கன்னா ஒரு வெக்கத்துக்காவது வருவான்னு... நேத்து ஃபோன் பண்ணா, 'நீ சொன்னதுக்கு நீயே பதில் சொல்லிக்கோ'ன்னு வச்சுட்டான்.

விசில் சார்: நல்ல காரியம் பண்ணின போ. இன்னும் கொஞ்ச நேரத்துல மைக்ல அவன் பேரைக் கூப்பிடுவாங்க. நாற்காலி காலியா இருக்கும். டீச்சரம்மா மேடைல நின்னு அதைப் பாக்கணும்.

மகள்: அதான் சார். ஹெச்.எம். கிட்ட இப்ப எப்படிப் போய்ச் சொல்றது?

விசில் சார்: அது மட்டும் இல்ல. ஹெச்.எம். பேச்சு எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? 'பெத்த பிள்ளையையும் மத்த பிள்ளையையும் வேற வேறயாப் பாக்காதவங்க நம்ம டீச்சர்'னு.

மகள்: அதையா சொல்லப் போறாங்க?

விசில் சார்: புதுசா வந்தவங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? பெருமைன்னு நினைச்சு எழுதியிருக்காங்க. நாங்களும் அப்படித்தானே சொல்லிட்டுத் திரிஞ்சோம்.

மகள்: நான் தப்பிச்சேன் சார். நான் ஒண்ணாவது படிச்சப்போ அம்மா நாலாம் வகுப்பு டீச்சர். நான் நாலாவது வர்றதுக்குள்ள ஒண்ணாவதுக்கு மாத்திட்டாங்க. அவன்தான் வசமா மாட்டினான். கேட்டுக்குள்ள கால் வச்சுட்டா அம்மா கிடையாது, டீச்சர்தான்.

விசில் சார்: தன் பிள்ளைக்கு மட்டும் சலுகைன்னு நாலு பேர் பேசிடுவாங்களோன்னு பயம் அவங்களுக்கு. வேற பிள்ளை அழுதா மடியில தூக்கி வச்சுக்குவாங்க. இவன் அழுதா முகத்தைத் திருப்பிக்குவாங்க.

மகள்: அதையெல்லாம்கூட மறந்திருப்பான் சார். அப்பா விழுந்த அன்னைக்கு நடந்ததைத்தான்...

விசில் சார்: ம்.

மகள்: நீங்க அப்ப பக்கத்து வகுப்புலதானே இருந்தீங்க?

விசில் சார்: நடுவுல வெறும் பலகைத் தடுப்பு. எல்லாம் கேட்டுச்சு. அவன் அப்ப அஞ்சாம் வகுப்பு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவன், தலைதெறிக்க ஓடி வந்தான். 'அம்மா'ன்னு கத்திக்கிட்டே உள்ள நுழைஞ்சான். டீச்சரம்மா எழுதிக்கிட்டு இருந்தாங்க. திரும்பிக்கூடப் பாக்கல. 'இது வகுப்பு. வெளில போய் நின்னு கேட்டுட்டு வா'ன்னாங்க.

மகள்: அவனும் போனான். அதைத்தான் சார் என்னால தாங்கவே முடியல. அப்பா விழுந்துட்டாருன்னு அங்கயே கத்தியிருக்கலாம்ல?

விசில் சார்: பழக்கின பிள்ளையாச்சே. வெளில போனான். மூச்சு வாங்கினான். 'உள்ள வரலாமா டீச்சர்'னு கேட்டான். வரலாம்னாங்க. அப்புறம்தான் சொன்னான்.

மகள்: அம்மா அப்பவே ஓடி வந்திருந்தாலும் அப்பாவைக் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டரே சொன்னாரு சார்.

விசில் சார்: பெரியவங்ககிட்ட சொன்னாரு. அவனைக் கூப்பிட்டு யாராவது சொன்னீங்களா?

மகள்: ...இல்ல சார்.

விசில் சார்: அதுக்கப்புறம் அவன் அம்மான்னு கூப்பிட்டு நான் கேட்டதில்ல.

மகள்: வீட்லயும் இல்ல. எதுவுமே சொல்லிக் கூப்பிட மாட்டான். 'இங்க பாருங்க'ம்பான். இல்லன்னா என்கிட்ட, 'சோறு போடச் சொல்லு'ம்பான். பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருப்பாங்க அம்மா. அப்படியே வளந்தான், வேலை கிடைச்சதும் போயிட்டான்.

விசில் சார்: டீச்சரம்மா இதைப் பத்தி வாயே திறந்ததில்லையே.

மகள்: என்கிட்டயும் இல்ல. நான் ஆரம்பிச்சாலே அடுப்புல ஏதோ இருக்குன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க.

விசில் சார்: வராங்க... கண்ணைத் துடை.

அம்மா: என்ன, ரெண்டு பேரும் கூடிக் கூடிப் பேசறீங்க?

விசில் சார்: உங்களைப் பத்திதான். நல்லதா ஒண்ணும் சொல்லல.

அம்மா: வந்துட்டானா?

மகள்: பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டானாம்மா.

அம்மா: என்ன சட்டை போட்டிருக்கானாம்?

மகள்: அதெல்லாம் யாரும்மா ஃபோன்ல கேப்பா?

அம்மா: சும்மா சொல்லேன்.

மகள்: நீலம்... நீலச் சட்டை.

அம்மா: நீலம் அவனுக்கு எடுப்பா இருக்கும்.

விசில் சார்: டீச்சரம்மா... பிள்ளைங்க வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கு.

அம்மா: ஒரு நாளும் வகுப்பை லேட்டா ஆரம்பிச்சதில்ல சார் நான். இன்னைக்கு என்னவோ கால் எந்திரிக்க மாட்டேங்குது.

விசில் சார்: நிதானமா வாங்க. யாரு உங்களைப் பெஞ்சு மேல ஏத்தப் போறா?

அம்மா: சார், ஒரு உதவி பண்ணுங்க. பரிசு கொடுக்க என் பையனைக் கூப்பிட வேண்டாம்னு ஹெச்.எம். கிட்ட சொல்லிடுங்க. அந்த நாற்காலில உங்க வீட்டம்மாவை உக்கார வைங்க.

மகள்: ஏம்மா... அவன்தான் வந்துட்டானே...

அம்மா: ஒண்ணாம் வகுப்புல ஏதாவது ஒரு வாண்டு வந்து கொடுக்கட்டும். அப்புறம் சார், அவங்க பேச்சுல முதல் வரி வேண்டாம். எனக்கும் படிச்சுக் காட்டினாங்க. பாவம், ஆசையா எழுதியிருக்காங்களேன்னு அப்ப வாயை மூடிக்கிட்டேன்.

விசில் சார்: சரி டீச்சரம்மா. நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க.

மகள்: அம்மா.

அம்மா: என்னடி?

மகள்: அவன் வரலம்மா. ரயிலும் இல்ல, பஸ்ஸும் இல்ல. எல்லாம் நான் கட்டின கதை. என்னைத் திட்டிடு, மனசு ஆறும்.

அம்மா: எதுக்குத் திட்டணும்?

மகள்: ...உனக்குத் தெரியுமா?

அம்மா: போன வாரமே தெரியும்.

மகள்: பின்ன எதுக்கும்மா பாலம் தாண்டிட்டானா, சாப்பிட்டானான்னு என் உயிரை எடுத்த?

அம்மா: நீ சொல்லச் சொல்ல அவன் வர்ற மாதிரியே இருந்துச்சுடி. பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தான். நீலச் சட்டை போட்டுக்கிட்டு இறங்கி நடந்தான். இன்னும் கொஞ்சம் கேட்டா வாசலுக்கே வந்துடுவான்னு... அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

மகள்: அழாதம்மா. மூஞ்சி கழுவிட்டு வந்ததெல்லாம் வீணாப் போயிடும்.

அம்மா: அழல.

மகள்: யாரு சொன்னா உனக்கு?

அம்மா: அவனேதான். நானே ஃபோன் பண்ணேன். நீ குளிக்கப் போனப்போ உன் ஃபோன்ல நம்பரைப் பாத்து வச்சுக்கிட்டு, இங்க ஆபீஸ் ரூம்லருந்து அடிச்சேன்.

மகள்: நீயா? நீயாவா பண்ணின?

அம்மா: என்னென்ன பேசணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். 'ஹலோ, யாரு'ன்னான். குரல் அப்படியே உங்கப்பா. எனக்கு எல்லாம் மறந்து போச்சு.

மகள்: அம்மா பேசறேன்னு சொன்னியா?

அம்மா: சொன்னா வச்சுடுவானோன்னு பயமா இருந்துச்சு. டீச்சர் பேசறேன்னேன்.

மகள்: ஐயோ... போயும் போயும் அதையா சொன்ன?

அம்மா: அதுதான்டி வாய்ல வந்துச்சு.

மகள்: அவன் என்னம்மா சொன்னான்?

அம்மா: வச்சுட்டான்னுதான் நினைச்சேன். அப்புறம் நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எந்திரிச்சு நிக்கற சத்தம் கேட்டுச்சு. 'வணக்கம் டீச்சர்'னான்.